இறங்கும் வழி தெரியாமல் ஏறிய மாத்திரை

டயஸிபம் 2 மில்லிகிராம் மாத்திரையின் முதுகில் பெரும்பாலும் ஒரு கோடு இருக்கும். அந்த இடத்தில் அழுத்தினால் சரிபாதியாக உடையும். பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் எழுதித் தரப்படும் மாத்திரைகளில், இவ்வளவு சிறிய அளவுவரை உடைத்துச் சாப்பிட வசதியானவை அதிகமில்லை. இதைக் கண்டுபிடித்தவரோ விற்றவர்களோ அந்தக் கோட்டைப் பெரிதாக நினைத்திருக்க வாய்ப்பில்லை. மாத்திரை சந்தைக்கு வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆன பிறகு, இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் ஒரு பெண் மருத்துவருக்குத்தான் அதன் அருமை புரிந்தது. அவர் பிறந்தது டேராடூனில். அந்தக் கதைக்குப் போகுமுன் கிராக்கோவுக்குப் போக வேண்டும்.

லியோ ஸ்டெர்ன்பாக் 1908ல் அட்ரியாட்டிக் கடலோரத்தில் அபாட்சியா என்ற ஊரில் பிறந்தவர். அன்று அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு, இன்று குரோஷியா. அப்பா போலந்து யூதர், மருந்துக்கடை வைத்திருந்தார். மகன் கிராக்கோவின் யாகியெலோனியன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, துணிச் சாயங்களுக்கு உதவுமா என்று ஒரு கூட்டம் சேர்மங்களைத் தயாரித்துப் பார்த்தார். சாயத்துக்கு அவை உதவவில்லை. 1937ல் சூரிச்சுக்குப் போனார், 1940ல் பாசல் நகரின் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் சேர்ந்தார், 1941ல் மனைவியோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நியூ ஜெர்சி மாநிலத்தின் நட்லியில் ரோஷ் நிறுவனத்துக்குப் பெரிய ஆய்வுக்கூடம் இருந்தது.

1955ல் மில்டவுன் என்ற அமைதிப்படுத்தும் மாத்திரை அமெரிக்காவில் வந்திறங்கி, ஹாலிவுட் நடிகர்கள் முதல் குமாஸ்தாக்கள்வரை எல்லார் சட்டைப்பையிலும் ஏறியது. போட்டிக்கு ஒன்று வேண்டும் என்று ரோஷ் தன் வேதியியலாளர்களை விரட்டியது. மில்டவுனின் மூலக்கூறை லேசாக மாற்றிப் புதுப்பெயர் வைப்பதுதான் சுலபமான வழி. ஸ்டெர்ன்பாக்குக்கு அதில் ஆர்வமில்லை. கிராக்கோவில் கைவிட்டுவந்த பழைய சாயச் சேர்மங்களை மறுபடி எடுத்தார். சுமார் நாற்பது வகை செய்து சோதனைக்கு அனுப்பினார். ஒன்றும் வேலை செய்யவில்லை. கடைசியாகச் செய்ததைச் சோதனைக்குக்கூட அனுப்பாமல் அலமாரியில் வைத்துவிட்டு, மேலிடம் சொன்ன வேறு வேலைக்குப் போய்விட்டார்.

1957 வசந்தத்தில் ஆய்வுக்கூடத்தை ஒழுங்குபடுத்தும்போது, உடன் வேலை செய்த ஏர்ல் ரீடர் அந்தப் படிகங்களைப் பார்த்துத் தூக்கிப் போடலாமா என்று கேட்டார். எதற்கும் ஒருமுறை சோதித்துவிடலாம் என்று மருந்தியல் பிரிவின் லோவல் ராண்டலிடம் அனுப்பினார்கள். எலிகளின் தசை தளர்ந்தது, பூனைகள் சாந்தமாயின, மூர்க்கமான குரங்குகள் அடங்கின. ஆனால் விழிப்பு கெடவில்லை. ஸ்டெர்ன்பாக் நினைத்த மூலக்கூறு அதில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசிக் கட்டத்தில் சேர்த்த மெதிலமைன், யாரும் எதிர்பாராதபடி வளையத்தைப் பெரிதாக்கி, ஏழு அணுக்கள் கொண்ட புது வளையத்தை உண்டாக்கியிருந்தது. பென்சோடயஸிபைன் குடும்பத்தின் முதல் மருந்து அப்படித்தான் பிறந்தது. 1960ல் லிப்ரியம் என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதே குடும்பத்தில் எளிமையும் வீரியமும் கூடிய டயஸிபம், 1963ல் வேலியம் என்ற பெயரில் வந்தது.

மிகைப்படுத்தாமல் சொன்னால், அது நல்ல மருந்து. அதற்கு முன்னால் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்பட்ட பார்பிச்சுரேட்டுகள் கொஞ்சம் கூடினாலே மூச்சை நிறுத்திவிடும். மர்லின் மன்றோ 1962ல் இறந்தது அந்த வகை மருந்தால்தான். வேலியத்தைத் தனியாக அதிகம் விழுங்கினவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டார்கள். வலிப்பை நிறுத்தவும், டெட்டனஸில் விறைத்த உடம்பைத் தளர்த்தவும், குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்தை அடக்கவும் டயஸிபம் இன்றும் உலகெங்கும் மருத்துவமனைகளில் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. இந்த மருந்தை வில்லனாக்கி எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. கதையில் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

1961ல், அதாவது லிப்ரியம் விற்பனைக்கு வந்த அடுத்த வருஷமே, அமெரிக்க மருத்துவர் லியோ ஹாலிஸ்டரும் சக மருத்துவர்களும் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். மனநல மருத்துவமனையில் பல மாதங்கள் அதிக அளவு லிப்ரியம் சாப்பிட்டுவந்த 11 பேருக்கு, அவர்களுக்குத் தெரியாமல், மருந்தில்லாத வெற்று மாத்திரையைக் கொடுத்தார்கள். 10 பேருக்குப் புதிய தொந்தரவுகள் தோன்றின: தூக்கம் போயிற்று, படபடப்பு, பசியின்மை, மனச்சோர்வு. இரண்டு பேருக்கு வலிப்பு வந்தது. சட்டென்று நிறுத்தக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆய்வில் தந்தது மிக அதிகமான அளவு. வழக்கமான அளவில் சாப்பிடுகிறவர்களுக்கு இதெல்லாம் வராது என்று மருத்துவ உலகம் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டது. அந்தச் சமாதானம் இருபது ஆண்டுகள் நீடித்தது.

அந்த இருபது ஆண்டுகளில் மாத்திரை போகாத வீடில்லை. 1960களின் இறுதியிலிருந்து 1980களின் தொடக்கம்வரை அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற மருந்து வேலியம்தான். 1978ல் மட்டும் 230 கோடி மாத்திரைகள் விற்றன. மருத்துவ இதழ்களின் விளம்பரங்களைப் பார்த்தால் அன்றைய மனப்போக்கு தெரியும். 1970ல் வந்த வேலியம் விளம்பரம் ஒன்றில், 35 வயதாகியும் கல்யாணமாகாத ஒரு பெண்ணின் பழைய புகைப்படங்களை ஆல்பம்போல வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அப்பாவைப்போல ஒரு ஆண் கிடைக்காததே அவள் நோய் என்றும், மருந்து இது என்றும் டாக்டர்களுக்குச் சொல்லும் விளம்பரம் அது. அலுப்பு, தனிமை, புருஷனோடு சண்டை, பிள்ளைகள் படுத்தும் பாடு எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. எழுதியவர்களில் எத்தனை மாதம் என்று எழுதினவர்கள் குறைவு. தீர்ந்ததும் மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

பார்பரா கார்டன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆவணப்படங்கள் எடுத்துப் பரிசுகள் வாங்கியவர். பல வருஷங்களாக வேலியம் சாப்பிட்டுவந்தார். நிறுத்த விரும்பி மனநல மருத்துவரிடம் கேட்டபோது, ஒன்றுகூட எடுக்காதே, ஒரேயடியாக நிறுத்து என்றார். நிறுத்தினார். சில நாட்களில் உடம்பு நடுங்கி, மனம் சிதறி, மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1979ல் அவர் எழுதிய சுயசரிதை நூல் அமோகமாக விற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் செனட்டர் எட்வர்ட் கென்னடி தலைமையில் அமெரிக்க செனட் குழு இந்த மாத்திரைகளைப் பற்றி விசாரணை நடத்தியது. முந்தைய ஆண்டுதான், முன்னாள் அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு மதுவுக்கும் மாத்திரைகளுக்கும் அடிமையானதை வெளிப்படையாகச் சொல்லிச் சிகிச்சைக்குச் சேர்ந்திருந்தார்.

பார்பரா கார்டனின் கதையில் என்னை உறுத்துவது அந்த ஆலோசனைதான். தொடங்கச் சொன்னவரும் மருத்துவர், சட்டென்று நிறுத்தச் சொன்னவரும் மருத்துவர். இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதையை யாரும் போட்டுவைக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகியிருந்த ஹாலிஸ்டரின் எச்சரிக்கை அவர் மருத்துவரின் காதில் விழவில்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது 1977வரை சரியாகத் தெரியாது. அந்த ஆண்டு, பாசலில் ரோஷ் ஆய்வுக்கூடத்தின் ஹான்ஸ் மோலரும் தோஷிகாசு ஒகாடாவும், டென்மார்க்கில் ரிச்சர்ட் ஸ்குயர்ஸும் கிளாஸ் பிரேஸ்டிரப்பும், மூளையில் இந்த மருந்து போய் ஒட்டும் இடத்தைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். மூளையில் காபா என்ற வேதிப்பொருள் நரம்பணுக்களின் பரபரப்பை அடக்குகிறது. பென்சோடயஸிபைன் அதன் வேலையைப் பலப்படுத்துகிறது, அதனால் மனம் அடங்குகிறது. ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. மாதக்கணக்கில் அடக்கப்பட்டால், அதற்கு ஈடுகொடுக்கத் தன் பக்கத்தில் பரபரப்பைக் கூட்டிக்கொள்ளும், மருந்து ஒட்டும் இடங்களின் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். காது மந்தமான பாட்டி இருக்கும் வீட்டில் வருஷக்கணக்கில் எல்லாரும் உரக்கப் பேசிப் பழகியிருப்பார்கள். பாட்டி ஊருக்குப் போன பிறகும் கொஞ்ச நாள் கத்தியேதான் பேசுவார்கள். மருந்து திடீரென்று நின்றால் மூளைக்கும் அதுதான் கதி. உரத்த குரல் அப்படியே இருக்கிறது, அதை மந்தமாக்கிய பொருள் போய்விட்டது. வெளிச்சம் கூசுகிறது, பாத்திரம் விழும் ஓசை உடம்பையே தூக்கிப் போடுகிறது, தோலில் எறும்பு ஊர்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் அறவே இல்லை. மோசமானால் வலிப்பு, குழப்பம், இல்லாததைக் காண்பது.

இதில் மன உறுதிக்கு வேலையே இல்லை. சரியாக, டாக்டர் சொன்ன அளவைத் தாண்டாமல் சாப்பிட்டவருக்கும் இது வரும். லண்டனில் மால்கம் லேடரும் அவருடைய சகாக்களும் 1981ல் இதைக் காட்டினார்கள்: வழக்கமான அளவில் நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கும் நிறுத்தும்போது தெளிவான விலகல் தொந்தரவு உண்டு. ஹாலிஸ்டர் காலத்துச் சமாதானம் அத்தோடு முடிந்தது. இதைவிடக் கொடுமையான ஒன்று உண்டு. இந்தத் தொந்தரவுகளில் பலவும் பதற்ற நோயின் அறிகுறிகளைப் போலவே இருக்கும். மாத்திரையை விட்டதும் பழைய நோய் திரும்பிவிட்டது என்று நோயாளியும் நினைப்பார், டாக்டரும் நினைப்பார், மறுபடி அதே சீட்டு எழுதப்படும். உண்மையான வித்தியாசம் கவனித்தால் தெரியும். விலகல் தொந்தரவு அளவைக் குறைத்த சில நாட்களுக்குள் வரும், முன்பு எப்போதும் இல்லாத புது அறிகுறிகளைக் கூட்டிவரும், வாரங்கள் போகப்போகத் தணியும். சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் இழுக்கும்.

இப்போது டேராடூன். ஹாரி சாம்பியன் என்ற ஆங்கிலேய வனவியல் அறிஞர் அங்கே வேலை பார்த்தார். இந்திய, பர்மியக் காடுகளை வகைபிரித்து அவர் 1936ல் வெளியிட்ட பட்டியல், பிற்பாடு திருத்தப்பட்டு, இன்றும் நம் வனத்துறையில் புழங்குகிறது. நீலகிரிச் சோலைக்காடு எந்த வகை என்று கேட்டால், வனச்சரகர் சொல்லும் பதில் அவர் போட்ட கணக்கிலிருந்து வருவதுதான். 1929ல் அவருக்குப் பிறந்த மகள் ஹெதர், ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படித்து, ஹெதர் ஆஷ்டன் என்ற பெயரில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியரானார். 1982ல் அங்கே ஒரு மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். அங்கே வருகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்தான்: இந்த மாத்திரையிலிருந்து வெளியே வர வழிகாட்டுங்கள். 12 ஆண்டுகள் நடத்தினார், சுமார் 300 பேரை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

அதற்கு முன்பே எழுதிவைத்த பாடநூல் எதுவும் அவர் கையில் இல்லை. நோயாளிகளே கற்றுத்தந்தார்கள். யார் எந்த மாத்திரையை எந்த வேகத்தில் குறைத்தால் தாங்குகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே போனார். அப்பா காடுகளில் பார்த்த பொறுமை மகளிடமும் இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அப்படிச் சொல்வது கதைக்காரனின் ஆசைதான். 1999ல் அவர் எழுதிவெளியிட்ட கைநூலை உலகெங்கும் ஆஷ்டன் கையேடு என்றே அழைக்கிறார்கள். பல மொழிகளில் வந்துவிட்டது, விலையில்லாமல் கிடைக்கிறது. 2019ல் அவர் காலமானார்.

அவர் கண்டடைந்த வழியின் நடுநாயகம் வேறு யாருமில்லை, அதே டயஸிபம்தான். அல்பிரசோலம், லோரஸிபம் போன்ற பிற்கால மாத்திரைகள் அளவில் சிறியவை, வீரியத்தில் பெரியவை, உடம்பைவிட்டு விரைவில் போகிறவை. ஆஷ்டன் போட்ட கணக்கில் 0.5 மில்லிகிராம் அல்பிரசோலமும் 1 மில்லிகிராம் லோரஸிபமும் 10 மில்லிகிராம் டயஸிபத்துக்கு ஏறக்குறைய சமம். பார்வைக்கு அரை மில்லிகிராம் ஒன்றும் இல்லைபோலத் தெரியும், உள்ளே இருக்கும் சுமை அது அல்ல. காலையில் சாப்பிட்டது மாலைக்குள் குறையத் தொடங்கிவிடுவதால், அடுத்த வேளைக்கு முன்பே நடுக்கம் தலைகாட்டும். அதைப் பார்த்துவிட்டு நோய் முற்றுகிறது என்று அளவைக் கூட்டுவதும் உண்டு. டயஸிபமோ, அதிலிருந்து உடம்பு உண்டாக்கும் துணைப்பொருளும் சேர்ந்து, நாள்கணக்கில் ரத்தத்தில் தங்கும். மெதுவாக வடியும். கூடவே 2 மில்லிகிராம் மாத்திரை, அதிலும் நடுவில் கோடு. 1 மில்லிகிராம்வரை எளிதாக இறங்கலாம்.

ஆகவே முதலில் மாற்றம். மற்ற மாத்திரையின் ஒரு வேளையை மட்டும், பெரும்பாலும் இரவு வேளையை, சம அளவு டயஸிபமாக்குவது. ஒரு வாரம் பார்த்துப் பழகிய பிறகு அடுத்த வேளை. முழுதும் மாறிய பிறகு குறைப்பு. 40 மில்லிகிராம் டயஸிபம் சாப்பிடுகிற ஒருவருக்கு ஆஷ்டன் தந்த உதாரணக் கணக்கு இது: 20 மில்லிகிராம் வரும்வரை ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 மில்லிகிராம் குறைக்கலாம், அதன் பிறகு அதே இடைவெளியில் 1 மில்லிகிராம் மட்டும். மொத்தம் 30 முதல் 60 வாரங்கள். ஒரு வருஷத்துக்கும் மேலே போகலாம். வேகத்தைத் தீர்மானிப்பது காலண்டர் அல்ல, சாப்பிடுகிறவர். ஒரு கட்டத்தில் தாங்கவில்லையென்றால் அங்கேயே சில வாரம் நின்றுகொள்ளலாம். திரும்ப மேலே ஏறுவதுதான் கூடாது என்றார். கடைசி மில்லிகிராமை விடுவதற்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், விட்டபின் நினைத்த அளவு கஷ்டமில்லை என்பதும் அவர் நோயாளிகளிடம் கண்டது.

இது எல்லாருக்கும் பொருந்தும் வாய்ப்பாடு அல்ல. வயதானவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் டயஸிபம் உடம்பிலேயே சேர்ந்துபோய் மயக்கமும் தள்ளாட்டமும் தரும். இரவில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது வயசாளிக்குச் சாதாரண விஷயமல்ல. அவர்களுக்குச் சாப்பிடும் மாத்திரையையே மெதுவாகக் குறைப்பார்கள். சம அளவுக் கணக்குகளும் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபடும், மருத்துவர் கையில்தான் அது இருக்க வேண்டும். 2025ல் அமெரிக்காவில் பல மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டுதல், தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துப் பார்க்கச் சொல்கிறது. எப்படியானாலும் இரண்டு வாரத்துக்கு 25 சதவீதத்தைத் தாண்டாதீர்கள் என்கிறது. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டவர்களுக்குத் திடீரென நிறுத்தவே கூடாது என்பது அதன் அடிப்படை. முன்பு வலிப்பு வந்தவர்கள், மிக அதிக அளவில் சாப்பிடுகிறவர்கள், கூடவே தினமும் குடிப்பவர்கள் வீட்டில் தனியாகக் குறைக்கும் காரியத்தில் இறங்கக்கூடாது, மருத்துவமனைக் கண்காணிப்பு வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளுக்குத் தனிக் கணக்கு. குறைக்கும் காலத்தில் தூக்கத்துக்காக ஒரு பெக் போட்டுக்கொள்வது பழைய சுமையை வேறு பெயரில் ஏற்றுவதுதான். மதுவும் காபாவின் வேலையைத்தான் பலப்படுத்துகிறது, இரண்டும் சேர்ந்தால் மூச்சு நிற்கும் ஆபத்தும் உண்டு.

பிரிட்டனில் 1988ல் அரசின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை 2 முதல் 4 வாரத்துக்கு மேல் தராதீர்கள் என்றது. மருந்து நிறுவனங்களுக்கு எதிராக ஆயிரக்கணக்கான நோயாளிகள் போட்ட வழக்கு, சட்ட உதவி நிதி நின்றதும் 1990களில் சரிந்துபோயிற்று. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எல்லாப் பென்சோடயஸிபைன் மருந்துகளின் விவரக்குறிப்பிலும் சார்புநிலை, விலகல் பற்றிக் கறுப்புக் கட்டத்தில் எச்சரிக்கை போடச் சொன்னது 2020ல்தான். ஹாலிஸ்டரின் ஆய்வுக்கும் இதற்கும் நடுவில் 59 வருஷம்.

எச்சரிக்கை அச்சிடுவதைவிட எனக்குப் பிடித்தது கனடாவின் மாண்ட்ரியல் ஆய்வு. 2014ல் காரா டனன்பாமும் அவர் குழுவினரும் வெளியிட்டது. நெடுநாளாக இந்த மாத்திரை சாப்பிடும் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 303 பேரை, அவர்கள் வழக்கமாக மருந்து வாங்கும் 30 மருந்துக்கடைகள் மூலமாகச் சேர்த்தார்கள். பாதிப்பேருக்குத் தபாலில் ஒரு சிறுநூல் போயிற்று. அதில் ஆபத்துகளோடு ஒரு படம்: 21 வாரங்களுக்கான கட்டங்கள், ஒவ்வொன்றிலும் மாத்திரை வரைந்திருக்கிறது. முழு வட்டம், பாதி வட்டம், கால் வட்டம், கடைசியில் வெற்றுக் கட்டம். ஆறு மாதத்தில் அந்த நூல் பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் முழுதும் நிறுத்திவிட்டார்கள். பெறாதவர்களில் 5 சதவீதம். எந்த டாக்டரும் அறிவுரை சொல்லி அதட்டவில்லை. போகும் பாதையைப் படம் போட்டுக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதற்குப் பத்தாண்டு முன்பு, தூக்கமின்மையால் மாத்திரைக்குப் பழகிய முதியவர்களிடம் கியூபெக்கில் சார்ல்ஸ் மோரின் நடத்திய ஆய்வும் இந்தப் பக்கமே சாய்கிறது. மெல்லக் குறைப்பதோடு, படுக்கைக்குப் போகும் நேரத்தையும் தூக்கத்தைப் பற்றிய பயங்களையும் சரிசெய்யும் உளவியல் பயிற்சியும் சேர்த்துத் தந்தபோது 85 சதவீதம் பேர் மாத்திரையை விட்டார்கள். வெறுமனே குறைத்தவர்களில் 48 சதவீதம்.

நம்மூருக்கு இந்த மாத்திரை வேறு பெயரில் வந்தது. ரான்பாக்ஸி நிறுவனம் 1960களின் இறுதியில் காம்போஸ் என்று டயஸிபத்தைச் சந்தையில் இறக்கியது, அந்த நிறுவனத்தின் முதல் பெரிய வெற்றி அதுதான். இன்றும் மருத்துவமனைகளில் காம்போஸ் ஊசி என்றே சொல்கிற மூத்த நர்ஸம்மாக்கள் உண்டு. வீட்டில் சாப்பிடும் மாத்திரையில் டயஸிபத்தின் இடத்தை அல்பிரசோலமும் குளோனஸிபமும் பிடித்துவிட்டன. நரம்பு மாத்திரை, தூக்க மாத்திரை என்று சொல்லி அட்டை அட்டையாக வாங்குகிறோம். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஹெச்1 பட்டியலின்படி அல்பிரசோலம், டயஸிபம் போன்றவற்றை விற்கும் கடைக்காரர், டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டியோ காட்டாமலோ அட்டை வாங்க முடிகிற கடைகள் எந்த ஊரிலும் இருக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நம்மூரில் குறைக்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, அட்டையின் பின்புறத்தை நன்றாகப் படிப்பது. இங்கே கூட்டு மாத்திரைகள் ஏராளம். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராமோடு குளோனஸிபம், படபடப்புக்கான புரோப்ரனலோலோடு அல்பிரசோலமோ குளோனஸிபமோ சேர்த்து ஒரே மாத்திரையாக வரும். தான் பென்சோடயஸிபைன் சாப்பிடுவதே தெரியாமல் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அதைப் பாதியாக உடைத்தால் இரண்டு மருந்தும் சேர்ந்தே குறையும். புரோப்ரனலோலைத் திடீரென நிறுத்துவது இதயத்துக்கு ஆகாது, எஸ்சிட்டலோபிராமுக்கும் தனி விலகல் தொந்தரவு உண்டு. எனவே மருத்துவரிடம் கேட்டு இரண்டையும் தனித்தனி மாத்திரையாகப் பிரித்துக்கொண்ட பிறகே குறைப்பைத் தொடங்க முடியும். பெயரோடு எஸ்ஆர் என்று போட்டிருக்கும் மெதுவாகக் கரையும் வகையை உடைக்கவே கூடாது, உடைத்தால் மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கும். இரண்டு டாக்டர்களிடம் இரண்டு சீட்டு வாங்காமல் ஒருவரிடமே போவதும், குறைத்த நாளையும் தூங்கிய நேரத்தையும் ஒரு நோட்டில் குறிப்பதும், வீட்டில் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லிவைப்பதும் பெரிதும் உதவும். வலிப்பு, மனக்குழப்பம், இல்லாததைக் காண்பது, செத்துப்போகலாம் என்ற எண்ணம், இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசின் டெலிமனாஸ் மனநல உதவி எண் 14416ல் தமிழிலும் பேசலாம்.

இந்தக் குடும்பத்து மாத்திரைகள் சீட்டே இல்லாமலும் பயணம் செய்கின்றன. தெலங்கானாவில் மரங்கள் தரும் கள்ளைவிடக் கடைகள் விற்கும் கள் அதிகம். இடைவெளியை நிரப்ப வெறும் தண்ணீரும் சர்க்கரையும் போதாதென்று, போதை வருவதற்காக டயஸிபமும் அல்பிரசோலமும் கலக்கிறார்கள் என்பது பலமுறை சோதனையில் பிடிபட்ட விஷயம். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து கடைகள் மூடியதும், ஹைதராபாத் எர்ரகட்டா மனநல மருத்துவமனையில் கைகால் நடுங்கியும், வலிப்பு வந்தும், தன்னிலை மறந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். சாராயத்தை விட்டவர்களோடு இந்தக் கள்ளை விட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் பேரில் சீட்டு இல்லை, அட்டை இல்லை, தினம் எத்தனை மில்லிகிராம் உள்ளே போயிற்று என்பது கலந்தவனுக்கே தெரியாது. அப்படி வருகிறவருக்குச் சம அளவுக் கணக்குப் போட வழியில்லாததால், மருத்துவர்கள் நடுக்கத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்து, அவை அடங்கும் அளவுக்கு டயஸிபத்தையோ லோரஸிபத்தையோ கொடுத்து, அந்த அளவிலிருந்து நாளுக்கு நாள் கீழே இறக்குகிறார்கள்.